டம்ளர் வட்டம்

ஸ்ரீபெரும்புதூரில் பதினேழு வருடமாக வயலின் சொல்லித் தருகிறேன். ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடி அறையில் வகுப்பு. வரும் பிள்ளைகளில் பாதிப்பேரின் அப்பாக்கள் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள். ஒருத்தி மட்டும் தானே ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு கற்றாள். அவளுக்கு நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

பி.காம். முடித்தவள். செல்போன் பாகங்களைப் பொருத்தும் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் நேரே வகுப்புக்கு வருவாள். கழுத்தில் ஐடி கார்டு அப்படியே தொங்கும். இடது கை விரல் நுனிகள் தந்தி பட்டுக் காய்த்திருக்கும். அவளைப் போல் காது உள்ள பிள்ளை எனக்கு அதற்கு முன்பும் வாய்க்கவில்லை, பின்பும் வாய்க்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு மே மாத மாலை. இரண்டு தாள்களை என் முன்னால் வைத்தாள். இரண்டும் எம்.ஏ. இசைப் பாடத்திட்டங்கள். பிரிண்ட் எடுத்து, பச்சைப் பேனாவால் கோடு போட்டிருந்தாள். ஒன்று இசையியல் படிப்பு: லட்சண கிரந்தங்கள், தாளத்தின் பத்துப் பிராணங்கள், இசை வரலாறு, ஆய்வு முறை. இன்னொன்றில் வாசிப்புக்குத்தான் பெரும்பங்கு: மனோதர்மம், ராகம் தானம் பல்லவி, மேடைக் கச்சேரி. அதில் சேரவே வாசித்துக் காட்ட வேண்டும்.

“டீச்சர், எனக்குக் கச்சேரி வாசிக்கணும். எதுல சேரட்டும்?”

கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. நான் தாளைக் கையில்கூட எடுக்கவில்லை. குடித்துக்கொண்டிருந்த காபி டம்ளரை அதன்மேல் வைத்தேன். “முதல்ல இருக்கறதுல சேரும்மா. பெரிய பேரு. வாசிப்ப நான் பாத்துக்கறேன்” என்றேன்.

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றுதான் வெகுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நான் டிப்ளமோ மட்டும் படித்தவள். எம்.ஏ. பற்றித் தெரியாது என்று மாணவியிடம் ஒப்புக்கொள்ள வெட்கம். அது பாதி உண்மை.

மீதி இது. மேல் ஸ்தாயிக்குப் போனால் என் வில் நடுங்கும். என் குரு திருத்தப் பார்த்தார். நான் உழைக்கவில்லை. அந்த நடுக்கம் அவள் கைக்கும் போயிருந்தது. பல்லவியை அவளுக்கு நான் சொல்லித் தரவே இல்லை. எனக்கே சரியாக வராது. அவள் வாசித்துக் காட்டினால் எதிரில் இருப்பவர்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள். “யார்கிட்ட கத்துக்கிட்ட?” என்று கேட்பார்கள். அவள் என் பெயரைச் சொல்வாள். அதற்குப் பயந்தேன். யாரும் வாசிக்கச் சொல்லாத இடத்துக்கு அவளை அனுப்பினேன்.

வேறு வழி இல்லை என்று சொல்ல முடியாது. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1929இலேயே இசைக் கல்லூரி தொடங்கினார். சென்னையில் 1949இல் வந்த அரசு இசைக் கல்லூரிக்கு முதல் முதல்வரே மேடையில் புகழ்பெற்ற முசிறி சுப்பிரமணிய ஐயர். 2013இல் இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. எங்கே வயலினுக்கு யார் இருக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று நாலு இடத்தில் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு போன்கூடப் போடவில்லை.

2014 நவம்பரில் நோக்கியா ஆலை நின்றதைப் பார்த்த ஊர் இது. நிரந்தர வேலையை இங்கே யாரும் லேசில் விடமாட்டார்கள். அவள் என் வார்த்தையை நம்பி வேலையை விட்டாள். பி.எஃப். பணம் ஃபீஸுக்குப் போனது. அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கினார். தம்பி பாலிடெக்னிக் சேர்வது ஒரு வருடம் தள்ளிப்போனது.

அவள் சேர்ந்த துறைமேல் ஒரு குறையும் இல்லை. இசையியல் பெரிய படிப்பு, பி. சாம்பமூர்த்தி வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இரவெல்லாம் குறிப்பு எழுதினாள். வயலின் பெட்டி திறக்காமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வந்தாள். புதுப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், நேரமில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன வாசிப்பு அதுதான்.

இரண்டாம் செமஸ்டரில் நின்றுவிட்டாள். “எனக்குத்தான் படிப்பு ஏறல டீச்சர்” என்றாள். நான் தலையாட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. மே மாதம் சொன்னது பயத்தில் சொன்னது. இந்தத் தலையாட்டலுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. குற்றத்தை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை. சம்பளம் பழையதைவிடக் குறைவு. நைட் ஷிப்ட். விரல் நுனியில் காய்ப்பு இல்லை.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். இங்கே எழுதிய அத்தனையும் சொன்னேன், வில் நடுக்கம் உட்பட. அவள் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அவள், “அந்த ரெண்டு தாள் இருக்கா?” என்றாள்.

இருந்தன. மேலே டம்ளர் வட்டத்தோடு. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றே வாங்கிக்கொண்டாள். எதற்கு விண்ணப்பிக்கப் போகிறாள் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.