பத்துக்குப் பத்து

"உயரமும் பத்தா?" என்று கேட்டபடியே டேப்பைத் தரையில் ஊன்றி மேலே தள்ளினார் தச்சர். பத்தடிக்கு அரை இஞ்ச் குறைவு. நீளமும் அகலமும் பத்து என்பது முன்பே தெரியும். உச்சுக்கொட்டினார். "பெட்டி தம்பி இது. கஷ்டம்."

சாலிகிராமத்தில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடி. விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் இசை செய்யும் இளைஞர் ஒருவர் தன் படுக்கையறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். ஓரம் என்பது பேச்சுக்கு. ஒலியை உறிஞ்சும் பாறையிழைப் பஞ்சான ராக்வூல் கட்டுகள் வந்திறங்கிய பிறகு அந்த அறையில் ஓரமே இல்லை.

சிக்கலை அவர் தன் பேஸ் கிட்டாரிலேயே காட்டினார். ஏ கம்பியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி மோதி மோதித் தங்கிவிடும் முதல் அதிர்வெண் ஏறத்தாழ 56. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவாக இருந்தால் மூன்றும் சேர்ந்து அந்த ஒரே சுரத்தைத்தான் தூக்கிக்கொடுக்கும். மூலையில் நின்றேன், நெஞ்சுக்குள் உறுமியது. நடு அறைக்கு வந்தேன். அதே கம்பி, அதே விரல், உறுமலைக் காணோம். இந்த நட்டநடுவில்தான் அவர் ஒரு வருடம் நாற்காலி போட்டிருந்தார். பேஸ் போதவில்லையென்று ஏற்றிக்கொண்டே போய் அனுப்பிய பாட்டு, வாடிக்கையாளரின் காரில் கதவை உலுக்கியிருக்கிறது. "ஸ்பீக்கர் கிழிஞ்சிரும்போலன்னு திட்டினாருண்ணே" என்று சிரித்தார்.

சுவரில் பசைத் தடங்கள் தெரிந்தன. முதலில் முட்டை அட்டை ஒட்டிப் பார்த்திருக்கிறார், பிறகு ஒரு இஞ்ச் ஃபோம். கைதட்டினால் கிணுகிணுத்தது நின்றது உண்மை. ஆனால் ஃபோம் தின்றது மேல் சுரங்களை மட்டுமே. குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியது, அடியில் உறுமல் அப்படியே கிடந்தது. இதைச் 'சவுண்ட் புரூஃப்' என்ற பெயரில் விற்கிறார்களே, அது எனக்கு ஆகாது. அறைக்குள் எதிரொலியை அடக்குவது ஒரு வேலை. ஒலி சுவர் தாண்டாமல் தடுப்பது வேறு வேலை. அதற்குக் கனம் வேண்டும், காற்று நுழையாத கதவு வேண்டும்.

தச்சரின் வேலை எளியதாகத்தான் தெரிந்தது. ரீப்பர் கட்டையில் நாலு இஞ்ச் ஆழச் சட்டம், உள்ளே இரண்டு இஞ்ச் ராக்வூல் பலகை இரண்டு, மேலே துணி. பலகை கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. மீட்டர் நீளமிருந்தாலும் ஒன்று ஒன்றரைக் கிலோகூட வராது. துணியை மடியில் விரித்து, வாயருகே பிடித்து ஊதினார். மறுபக்கம் பிடித்திருந்த என் கையில் மூச்சு பட்டது. "காத்து போனா சத்தமும் போகும். போகலைன்னா துணியே மோதித் திருப்பிரும்." பளபளப்பான ஒரு துணியை அந்தச் சோதனையிலேயே ஒதுக்கிவிட்டார். ராக்வூல் இழை ஒட்டாமலிருக்க முழுக்கைச் சட்டை, மூக்கில் துண்டு. இருந்தும் மாலையில் அவர் உதவியாளன் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தான். "பச்சத் தண்ணியில குளிடா, சுடுதண்ணி வேணாம்" என்று அதட்டல் வந்தது.

எங்கே மாட்டுவது? இளைஞர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். உதவியாளன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி மெல்ல நகர்த்தினான். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிந்த இடத்தில் "நிறுத்து" என்றதும் சாக்பீஸ் கோடு. ஸ்பீக்கரிலிருந்து சுவரில் பட்டுக் காதுக்கு வரும் முதல் எதிரொலி அங்கிருந்துதான் கிளம்புகிறது. சட்டங்களைச் சுவரோடு ஒட்டாமல் நாலு இஞ்ச் தள்ளி மாட்டினார்கள். சுவரை ஒட்டிக் காற்று அசைவதில்லை. அசைகிற காற்று இழைகளில் உரசினால்தான் ஒலி தேயும்.

பின்சுவரில் இளைஞருடைய அம்மாவின் இலவம்பஞ்சு மெத்தை சாய்ந்திருந்தது. "அது இருக்கட்டும்" என்றார் தச்சர். 1895-இல் ஹார்வர்டில் ஃபாக் அரங்கத்தின் எதிரொலியைச் சரிசெய்யக் கிளம்பிய வாலஸ் சேபைன், பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கித்தான் அளந்தார். தச்சரிடம் இதைச் சொன்னேன். "காலையில திருப்பி வெச்சாரா?" என்று மட்டும் கேட்டார். வைத்தார்.

56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் இருபதடி. நாலு இஞ்ச் பஞ்சு அதற்குக் கொசுக்கடி. அதனால் நாலு மூலைகளிலும் தரையிலிருந்து கூரைவரை பலகைகளை முக்கோணமாக வெட்டி அடுக்கினார்கள். அறை மேலும் சுருங்கியது. நாற்காலி முன்சுவரிலிருந்து மூன்றே முக்கால் அடிக்கு நகர்ந்தது. அளக்கும் மைக்கை வைத்துப் பார்த்தால் வரைபடத்தில் 56-இல் நின்ற கூம்பு தணிந்திருந்தது. போய்விடவில்லை. ஆனால் ஏ கம்பியை மீட்டிவிட்டு விரலை வைத்தால் சுரம் நின்றது. நேற்றுவரை அது நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது.

கதவுக்கு ரப்பர் பீடிங்கோடு சரி, கனமான கதவுக்குப் பணமில்லை. மாலையில் முதல் குரல்பதிவு. பாடகி மைக் முன் நின்று கண்ணை மூடியதும் கீழ்வீட்டிலிருந்து குக்கர் விசிலடித்தது. இளைஞர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"அக்கா, இன்னும் எத்தனை?"

"பருப்புப்பா! ரெண்டு!"

ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். காத்திருந்தோம்.