பொய்க் குஸ்தியில் ஒரு மெய்

தொழில்முறைக் குஸ்தி என்றதும் "எல்லாம் பேசி வைத்த நாடகம்!" என்று உதட்டைப் பிதுக்குகிறீர்களா? வாஸ்தவந்தான், மறுக்கவில்லை.

ஆனால் அசல் குஸ்தியின் லட்சணத்தையும் கேளுங்கள். 1910-ல் லண்டனில் காமா பயில்வானோடு மோதிய போலந்து வீரர் ஸ்பிஸ்கோ, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நடந்த போட்டியில் பெரும்பாலும் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு கிடந்தார். வெற்றி தோல்வி இல்லை. டிக்கெட் வாங்கியவர்களின் கதியை எண்ணிப் பாருங்கள்! 1928-ல் பாட்டியாலாவில் மறுபடி மோதியபோது, ஒரு நிமிஷத்துக்குள் காமா அவரைச் சாய்த்துவிட்டார். ஒன்று கொட்டாவி, இல்லையேல் கண் இமைப்பதற்குள் முடிவு! ரசிகனுக்கு நாடகம் பிடித்ததில் என்ன ஆச்சரியம்?

அந்த நாடகத்தின் உச்சம் 1987 மார்ச் 29. அமெரிக்காவில், டெட்ராய்ட்டை அடுத்த பான்டியாக் நகர அரங்கில், ராட்சதர் ஆந்த்ரேயை ஹல்க் ஹோகன் அலாக்காகத் தூக்கிப் போட்டார். கரகோஷம் வானைப் பிளந்தது. புகழ் ஹோகனுக்கு, என் ஓட்டு ஆந்த்ரேக்கு. 520 பவுண்டு என்று விளம்பரம் செய்யப்பட்ட அந்த மலை மனிதருக்கு அப்போதே முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர் இசையாமல் யார் அவரைத் தூக்கியிருக்க முடியும்? 1993-ல், 46-வது வயதில் மறைந்தார்.

முடிவு பொய்தான், ஐயா. அந்த முதுகு வலியும் பொய்யா?