எதிர்பார்ப்பும் எதிர்நோக்கும்



எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு வேதாகமங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று நான் பிறந்த வீட்டைச் சேர்ந்தது. திருமணத்தின்போது அம்மா பாளையங்கோட்டையில் என் கையில் கொடுத்தனுப்பியது. மற்றொன்று புகுந்த வீட்டில் வாசிக்கப்படும் திருவிவிலியம். 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரம் நிலைத்து நிற்கும் மூன்று பண்புகளைக் கூறி முடிகிறது. அம்மாவின் வேதாகமத்தில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. மற்றொன்றில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. முன்னதில் இரண்டாம் இடத்தில் இருந்த 'நம்பிக்கை', பின்னதில் முதலிடத்துக்குப் போய்விட, அது விட்டுச்சென்ற இடத்தில் 'எதிர்நோக்கு' வந்து அமர்ந்திருக்கிறது.

தமிழாசிரியை என்பதால் இந்த இடமாற்றத்தைப் பலமுறை கவனித்ததுண்டு. அதன் பொருளை 2021ஆம் ஆண்டில்தான் உணர்ந்தேன்.

அவ்வாண்டு இந்தியாவில் கொவிட் நோயின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது அம்மா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இங்கோ மே 19ஆம் தேதி முதல் தொடக்கப்பள்ளி மாணவர்கள் வீட்டிலிருந்தே கற்கத் தொடங்கியிருந்தனர். காலையில் கணினித் திரையில் வகுப்பு. மாலையில் தொலைபேசித் திரையில் தம்பியின் முகம். "பயப்படாதீங்க அக்கா, சரியாயிரும்" என்று அவன் நாள்தோறும் கூறினான். சபையில் ஜெபித்தவர்களும் அவ்வாறே கூறினர். நானும் நம்பினேன். ஆனால், அம்மா காலமானார். பயணக் கட்டுப்பாடுகளால் புறப்பட இயலவில்லை. அடக்க ஆராதனையைத் தொலைபேசியில் பார்த்தேன். இடையில் இணைப்பு இருமுறை அறுந்தது. சில நாள்களில் மீண்டும் அதே உணவு மேசையில் அமர்ந்து நான்காம் வகுப்புக்கு வாக்கியம் அமைக்கக் கற்பித்தேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் 'நம்பிக்கை' என்ற சொல்லை என்னால் உச்சரிக்க முடியவில்லை. ஜெபிக்க அமர்ந்தால், ஏமாற்றப்பட்டவள்போல் உணர்ந்தேன்.

ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. என் வகுப்பில் ஒரு மாணவன். அவனுடைய தந்தை குடும்பக் காரியமாக ஊருக்குச் சென்று திரும்ப முடியாமல் இருந்தார். முன்னர் அவன் கேட்டபோதெல்லாம், "அடுத்த மாதம் வந்துவிடுவார்" என்று நான் சொல்லி வந்திருந்தேன். அன்று இடைவேளையில் அவன் என்னிடம் வந்து, "ஆசிரியர், அடுத்த மாதம் என்று சொன்னீர்களே?" என்றான். குரலில் கோபமில்லை, அதுவே என்னை அதிகம் சுட்டது. என் தம்பி எனக்குச் செய்ததையே நான் இச்சிறுவனுக்குச் செய்திருந்தேன். அன்பினால்தான் செய்தேன். ஆனாலும், என் கையில் இல்லாத ஒன்றை அவனுக்கு வாக்களித்திருந்தேன்.

அன்றிரவு திருவிவிலியத்தை எடுத்தேன். எதிர்பார்ப்பு, எதிர்நோக்கு என்னும் இரு சொற்களும் அண்டைவீட்டாரைப்போல் தோன்றினாலும் ஒன்றல்ல. எதிர்பார்ப்புக்கு ஒரு நாளும் ஒரு முடிவும் வேண்டும். அந்த நாள் கடந்தால் அது உடைந்துவிடும். எதிர்நோக்கு அப்படியன்று. 'எதிர்' என்றால் இனி வரவிருப்பது. நேருக்கு நேர் நிற்பது என்றும் பொருள். முன்னால் நிற்கும் துன்பத்தைக் கண்ணெடுத்து நோக்கிக்கொண்டே, அதற்கு அப்பால் வரவிருப்பதையும் நோக்குவது என்று நான் பொருள் கொண்டேன். லூக்கா எழுதிய நற்செய்தியில் எம்மாவுக்கு நடந்துசென்ற சீடர்கள் இருவரும் உடைந்த எதிர்பார்ப்போடுதான் நடந்தனர். இஸ்ரவேலை மீட்பார் என்று எண்ணியிருந்தவர் சிலுவையில் மாண்டுவிட்டார். அவர்கள் எண்ணியது நடக்கவில்லை. ஆனால், உயிர்த்தவர் அவர்களுடன் நடந்தார். உயிர்த்த உடலிலும் காயங்கள் இருந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கிறிஸ்தவ எதிர்நோக்கு காயத்தை மறைப்பதில்லை. பவுல் ரோமருக்கு எழுதும்போதும் துன்பத்தில் தொடங்கி, பொறுமையைக் கடந்து, இறுதியில்தான் எதிர்நோக்கிற்கு வருகிறார். அது வளர வேண்டிய ஒன்று, கேட்டவுடன் கிடைப்பதன்று.

இதற்கு நம் தீவிலேயே ஒரு சான்று உண்டு. 1942ஆம் ஆண்டு ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர் ஸ்டேன்லி வாரன், சாங்கியில் ராபர்ட்ஸ் முகாமின் மருத்துவமனையில் கடும் நோயுற்றுக் கிடந்தார். அங்கிருந்த புனித லூக்கா சிற்றாலயத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டும்படி அவரைக் கேட்டனர். கிடைத்த உருமறைப்பு வண்ணத்தையும் பில்லியர்ட்ஸ் சுண்ணக்கட்டியையும் கொண்டு, உடல் இடம் கொடுத்த அளவுக்குச் சிறிது சிறிதாகத் தீட்டினார். இயேசுவின் பிறப்பைக் காட்டும் ஓவியம் அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமானது. மொத்தம் ஐந்து ஓவியங்கள். தாம் பிழைப்போமா என்பது அவருக்குத் தெரியாது. பின்னாளில் அந்த ஓவியங்கள்மீது வெள்ளையடிக்கப்பட்டு, 1958ஆம் ஆண்டு மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. அப்போது வாரன் லண்டனில் ஓவிய ஆசிரியராக இருந்தார். 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் இங்கு வந்து அவற்றைச் சீரமைத்துக் கொடுத்தார். முடிவு தெரியாத நிலையில் அன்றைய சுவருக்கு அன்றைய வண்ணத்தைப் பூசியதே அவருடைய எதிர்நோக்கு.

நம் பள்ளி வகுப்பறையில் சமயம் போதிக்க இடமில்லை, அது முறையே. எனவே மறுநாள் அம்மாணவனிடம், "அப்பா எப்போது வருவார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் சொன்னது என் தவறு. வாரம் ஒரு கடிதம் அவருக்குத் தமிழில் எழுது. நான் திருத்தித் தருகிறேன்" என்றேன். அவன் எழுதினான். ஒற்றுப்பிழைகள் மிகுந்த அக்கடிதங்களைத் திருத்திய வேளைகளில்தான் எனக்கும் மெல்ல ஜெபம் திரும்பியது. ஆண்டின் இறுதியில் அவன் தந்தை வந்து சேர்ந்தார். வந்திராவிட்டாலும் அக்கடிதங்கள் வீணாகியிரா.

தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஓஃபியர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுப்பப்பட்டு 1888ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தமிழ்த் திருப்பலிக்கு நாங்கள் செல்லும் நாள்களில் ஊரை விட்டு வந்து உழைக்கும் இளைஞர்கள் பலரைப் பின்வரிசையில் காண்கிறேன். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தொழிலாளர் விடுதிகளில் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தவர்களும் அவர்களுள் இருக்கக்கூடும். ஊர் திரும்பும் நாளை அறியாமலே அவர்கள் முழங்காலிடுகின்றனர்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கடினமான கேள்வியோடு வரும்போது, "எல்லாம் சரியாகிவிடும்" என்று அவசரமாகச் சொல்லிவிடாதீர்கள். "எனக்குத் தெரியாது, ஆனால் நான் உன்னோடு இருக்கிறேன். இன்று நாம் செய்யக்கூடியது இது" என்று சொல்லிப் பாருங்கள்.

அம்மாவை மீண்டும் காண்பேன் என்பது என் எதிர்நோக்கு. அதற்கு நாள் குறித்து வைக்கவில்லை. அதுவரை, திருத்த வேண்டிய பயிற்சி ஏடுகள் மேசைமேல் இருக்கின்றன.