மாட்டி வைத்த பறை

பாலாற்றங்கரையில், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே உள்ள சிற்றூர் ஒன்றில் நாம் பிறந்து வளர்ந்தோம். சுண்ணாம்புத் தொட்டியின் நெடியும் ஆவாரம் பட்டையின் வாசமும் கலந்த காற்றையே மூச்சாகக் கொண்ட தெரு அது. தோல் பதனிடும் கூடங்களிலிருந்து திரும்பும் தந்தையரின் உடலைவிட்டு அந்த வாசம் ஞாயிறு திருப்பலியிலும் நீங்குவதில்லை. ஆயினும் அத்தெருவை எண்ணும்போது நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வாசமன்று, பாட்டுத்தான்.

வைகறையில் பள்ளிவாசலின் பாங்கொலி. விழா நாள்களில் ஒலிபெருக்கியில் நாகூர் ஹனீபாவின் கணீரென்ற குரல். ஞாயிறுதோறும் லுத்தரன் சபையாரின் ஆலயத்திலிருந்து தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள். கோடையில் பக்கத்து ஊரில் விடிய விடியப் பாரதக் கூத்து. நம் கோவிலில் ஆர்மோனியமும் தபேலாவும் இருந்தன. ஆனால் எல்லாவற்றையும்விட உள்ளத்தில் ஆழப் பதிந்தது, பெரிய வெள்ளியன்று நம் தாய்மார் பாடிய புலம்பலே. இறந்த பிள்ளைக்காக ஏழைத் தாய் பாடும் ஒப்பாரியின் மெட்டிலேயே, மகனை மடியில் கிடத்திய மரியன்னைக்காக அவர்கள் அழுதார்கள். இது நாட்டுப்புறப் பாட்டு, இது வேதப் பாட்டு என்று பிரித்தறிய அன்று நமக்குத் தெரியாது.

ஓர் ஒலி மட்டும் நம் தெருவில் எழுந்ததில்லை. அது பறையொலி. ஊர்த்தெருவில் சாவு நேர்ந்தால், வேற்றூர்க் கலைஞர்கள் வந்து அடிப்பது தொலைவில் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் நம் பாட்டனார் திண்ணையை விட்டு எழுந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவருக்கு அவ்வொலி பிடிக்கவில்லை போலும் என்று எண்ணினோம். காரணம் கேட்கவில்லை. நாமும் அதை இழிந்த ஒலி என்றே கருதி வளர்ந்தோம்.

குருமடத்தில் அக்கருத்து மாறியது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரவேண்டுமெனக் கூறுவதைப் படித்தோம். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை அண்ணன்’ என்ற பெயரோடு, கிராமிய மெட்டில் வழிபாடு அமைத்து வந்ததை அறிந்தோம். 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ படத்தில் இளையராஜா தந்த பாடல்கள் ஏற்கெனவே கிராமத்து மெட்டைப் பட்டணத்தார் செவிக்கும் இனியதாக்கியிருந்தன. பறை விடுதலையின் குரல் என்று நம்பினோம். நம்பியது தவறன்று. ஆனால் அந்நம்பிக்கை நூல்களிலிருந்து வந்தது.

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், ஒரு பொங்கல் திருப்பலிக்குப் பறைக்குழு ஒன்றை வரவழைத்தோம். பங்கு மக்களிடம் கலந்து பேசவில்லை; நல்ல செயலுக்கு அனுமதி எதற்கு என்ற எண்ணம். 150ஆம் திருப்பாடலை எடுத்து, எக்காளம், யாழ், மத்தளம், தாளம் அனைத்தும் ஆண்டவரைப் புகழ அழைக்கப்படுவதை விளக்கி மறையுரை ஆற்றினோம். காணிக்கைப் பவனியில் பறை முழங்கியது. இளைஞர் மகிழ்ந்தனர். முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். சுண்ணாம்புத் தொட்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, விரல்களெல்லாம் வெடித்துப்போனவர் அவர்.

மாலையில் அவர் இல்லம் சென்றோம். வரவேற்று, நாற்காலி போட்டு, தேநீர் தந்த பின்னரே பேசினார்.

“சாமி, தப்பா நெனைக்காதீங்க. பத்து வயசுல எங்கப்பாவோட போயி அடிச்சேன். ஊர்ல எந்தப் பொணம் விழுந்தாலும் ஆளு வரும். காய்ச்சலா இருந்தாலும் போகணும். நேரமானா அடி. சோத்தைத் துணியில வாங்கிக்கினு வரணும். டானரியில வேலை கெடச்ச அன்னிக்கு, பறையைக் கொண்டுபோயி புளியமரத்துல மாட்டிட்டு வந்துட்டேன். நீங்க அதைப் பாட்டுன்றீங்க. எங்களுக்கு அது பாட்டு இல்ல சாமி, உத்தரவு.”

நாம் பதில் சொல்லவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் நம் பாட்டனார் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், அன்றுதான் நமக்கு விளங்கியது.

அன்றிரவு 137ஆம் திருப்பாடலைத் திறந்தோம். பாபிலோனின் ஆற்றங்கரையில் அடிமைகள் அமர்ந்திருக்கிறார்கள். சிறைப்படுத்தியவர்கள் ‘பாடுங்கள்’ என்கிறார்கள். அவர்களோ யாழ்களை மரத்தில் மாட்டிவிட்டு மௌனமாகிறார்கள். அவர்கள் இசையை வெறுத்தவர்களல்லர். கட்டளைக்குப் பாட மறுத்தவர்கள். திருப்பாடல் நூலில் 150க்கு இருக்கும் இடம் 137க்கும் உண்டு. நாம் ஒன்றைப் பாடினோம். அவர் மற்றதில் வாழ்ந்துகொண்டிருந்தார். கையில் புத்தகத்தோடு நின்ற நாமும், அவர் செவிக்கு, ‘அடி’ என்று சொல்ல வந்த இன்னோர் ஆளாகவே தோன்றியிருக்க வேண்டும்.

கதை அத்துடன் முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து, வேலூரில் கல்லூரி சென்ற அவருடைய பேத்தி, தோழியரோடு பறை கற்றாள். யாரும் அவளுக்கு ஆளனுப்பவில்லை, விரும்பிக் கற்றாள். ஊர்த் திருவிழாவில் அவர்கள் ஆடப்போவதாகச் சொன்னபோது, நாமே முதலில் பெரியவரிடம் சென்று கேட்டோம். “அவ இஷ்டம் சாமி” என்றார். அவ்வளவுதான். அன்று மாலை அவர் கோவில் முற்றத்துக்கு வரவில்லை. தம் வீட்டுத் திண்ணையில் இருந்தார். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் ஒரு சிறுவன் நம்மிடம் ஓடி வந்தான். “தோலு எறங்கிக் கெடக்குதாம். இன்னும் கொஞ்சம் தீயில காட்டச் சொல்றாரு தாத்தா.” வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினார்கள். பிறகு எழுந்த ஒலி பாலாற்று மணல்வெளி வரை சென்றது. திண்ணைக் கதவு திறந்தே இருந்தது.

அவர் இறந்தபோது, தம் அடக்கத்துக்குப் பறை வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். அவ்விருப்பத்தை மதித்தோம். பெண்கள் பெரிய வெள்ளிப் புலம்பலைப் பாடினர். பேத்தி தன் பறையை வீட்டில் வைத்துவிட்டு அவர்களோடு நின்று பாடினாள்.

இன்று காலம் வெகுவாக மாறிவிட்டது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அச்செய்தி அறிந்து நாமும் மகிழ்ந்தோம். நம் கோவில்களிலோ கீபோர்டின் தாளப்பெட்டி தபேலாவின் இடத்தைப் பிடித்துவிட்டது. பங்குப் பேரவைகளில் பழைய பாட்டா, புதிய பாட்டா என்ற வழக்கும் ஓயவில்லை. பெரியவர்களுக்கு இரைச்சல், இளையோருக்கு எழுச்சி. இதை வெறும் செவியின் சுவை என்று எண்ணித் தீர்ப்புக் கூற முற்படும்போதெல்லாம் அந்தத் திண்ணை நம் கண்முன் வருகிறது.

எனவே ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளோம். கோவிலுக்குள் புதியதொரு இசையைக் கொணருமுன்பும், பழையதொன்றை விலக்குமுன்பும், மூத்தோர் சிலரின் வீட்டுக்குச் சென்று அமர்கிறோம். இந்த ஒலி உங்களுக்கு எதை நினைவூட்டுகிறது என்று கேட்கிறோம். நம் பாட்டனாரிடம் கேட்கத் தவறிய கேள்வி அது. தேநீர் ஆறும்வரை காத்திருந்தால், பெரும்பாலும் பதில் கிடைக்கிறது.