பிளேர்கௌரியின் சிவப்பு முத்துக்கள்

ஸ்காட்லாந்தில் பிளேர்கௌரி என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரில் கௌரி இருக்கிறாளே என்று நீங்கள் கோயிலைத் தேட வேண்டாம்! பெர்த் நகரிலிருந்து வடக்கே சுமார் 15 மைல் பஸ்ஸில் போனால், எரிக்ட் நதிக்கரையில் இந்தச் சிற்றூர் வரும். நம்முடைய ஆனி, ஆடி மாதங்களில் அங்கே போகிறவர்களுக்கு இரண்டு அதிசயங்கள் காத்திருக்கும். ஒன்று, இரவு பத்து மணி வரை வெளிச்சம். மற்றொன்று, ராஸ்பெர்ரிப் பழம்.

இந்தப் பழத்தை நம்மில் பலர் ஜாம் புட்டியில்தான் பார்த்திருப்போம். கட்டைவிரல் நுனி அளவு இருக்கும். சின்னஞ்சிறு சிவப்பு முத்துக்களை ஒன்றாகச் சேர்த்து ஒட்டியதுபோல் தோற்றம். பிடித்து இழுத்தால், நடுத்தண்டைச் செடியிலேயே விட்டுவிட்டு, குட்டித் தொப்பிபோல் கையோடு வந்துவிடும். முதலில் இனிப்பு, பின்னாலேயே ஒரு புளிப்பு. ஆனால் மகா மென்மை. பறித்துச் சில நாள் வைத்தாலும் குழைந்து பூஞ்சணம் பிடித்துவிடும். கொல்லையில் பறித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்வதுதான் இதன் உண்மையான ருசி என்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

ஒரு காலத்தில் இந்த வயல்களில் பழம் பறிக்க டண்டீ, கிளாஸ்கோ நகரங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வருவார்களாம். நாடோடி மக்களும் வந்து கூடாரம் அடிப்பார்கள். பகலெல்லாம் பழம், இரவெல்லாம் பாட்டு! 1955-ல் ஹாமிஷ் ஹெண்டர்ஸன் என்ற நாட்டுப்பாடல் அறிஞர் இங்கே வந்து, அந்த மக்களின் பாடல்களை ஒலிப்பதிவு செய்துகொண்டு போனார்.

பிளேர்கௌரிக்கு ஒரு சகோதரியும் உண்டு. டண்டீ நகருக்கு அருகே உள்ள இன்வர்கௌரிதான் அது. அங்கே 1951-ல் தொடங்கிய பயிர் ஆராய்ச்சி நிலையம், இப்போது ஜேம்ஸ் ஹட்டன் நிலையத்தின் பகுதியாக இருக்கிறது. நாம் நெல்லுக்கு ஏ.டி.டி., ஐ.ஆர். என்று எழுத்தும் எண்ணுமாகப் பெயர் வைக்கிறோம் அல்லவா? இவர்கள் தங்கள் நாட்டுப் பள்ளத்தாக்குகளின் பெயரை ராஸ்பெர்ரிக்குச் சூட்டியிருக்கிறார்கள். கிளென் குளோவா, கிளென் மாய், கிளென் ஆம்பிள். 'கிளென்' என்றால் பள்ளத்தாக்கு. இவற்றில் கிளென் மாய்க்கும் கிளென் ஆம்பிளுக்கும் முள்ளே கிடையாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம்!

ரகம் பொறுக்கும்போது ருசியைப் பிறகு பார்க்கலாம். எந்தப் பருவத்தில் காய்க்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும். நம் வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். குலை தள்ளிய மரத்தை வெட்டிவிட்டுப் பக்கக்கன்றை வளர விடுகிறோம். ராஸ்பெர்ரியும் அப்படித்தான். வேர் பல வருஷம் இருக்கும். மேலே எழும் கழிக்கு ஆயுள் இரண்டே வருஷம். கிளென் ஆம்பிள் போன்ற கோடை ரகங்களில், இந்த வருஷம் முளைத்த கழி அடுத்த வருஷம் காய்க்கும். பழம் பறித்ததும் காய்த்த கழிகளை மட்டும் தரையோடு வெட்டிவிட்டு, புதியவற்றைக் கம்பியில் கட்ட வேண்டும். 'ஆட்டம் பிளிஸ்' போன்ற இலையுதிர்கால ரகங்களோ முளைத்த வருஷமே காய்த்துவிடும். பிப்ரவரி மாதத்தில் எல்லாக் கழிகளையும் ஒட்ட வெட்டிவிடலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் கோடை ரகத்தையும் பிப்ரவரியில் ஒட்ட வெட்டினால், அந்த வருஷம் பழமே இல்லை!

இரண்டு ரகத்திலும் ஒரு வரிசை வைத்தால், ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் வரை பழம் கிடைக்கும். குளிர்காலத்தில், இலை இல்லாத கழியாகவே நடவேண்டும். செடிக்குச் செடி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை ஆறடி. வேர் ஆழமாகப் புதையக் கூடாது. மண்ணில் சிறிது புளிப்புத்தன்மை இருக்கலாம். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

இவ்வளவும் செய்தால் போதுமா? போதாது என்றார் பிளேர்கௌரியில் நாம் சந்தித்த ஒரு மூதாட்டி. அவர் வீட்டுக் கொல்லையில் ஓர் ஓரம் வெறும் புல்லாகக் கிடந்தது. அவருடைய கணவர் நட்டு வளர்த்த ராஸ்பெர்ரி வரிசை இருந்த இடமாம். வீடு மாறிப் போன சிநேகிதி ஒருத்தி, நினைவாக இருக்கட்டும் என்று நாலு பக்கக்கன்றுகளைப் பெயர்த்துக் கொடுத்தாள். "பிரியமாகக் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?" என்றார் அந்த அம்மாள். கன்றுகளோடு வேரழுகல் நோயும் வந்தது. மூன்றே வருஷத்தில் கணவர் வைத்த வரிசை முழுவதும் கருகிவிட்டது.

1980-களிலிருந்து ஸ்காட்லாந்தின் பெரிய தோட்டங்களையே ஆட்டி வைக்கும் நோய் இது. மண்ணில் புகுந்தால் பல வருஷம் போகாது. அதனால்தான் பல விவசாயிகள் வயலை விட்டு, கூடாரத்துக்குள் தொட்டியில் பயிரிடுகிறார்கள். அந்த அம்மாளும் இப்போது பெரிய தொட்டிகளில், புது மண்ணில், நோயற்றது என்று சான்று பெற்ற கன்றுகளைத்தான் வளர்க்கிறார்.

நமக்கு இது விசித்திரமாகப் படலாம். அண்டை வீட்டில் கேட்டு வாங்கிய மல்லிகைப் பதியனும் கறிவேப்பிலைக் கன்றும்தானே நம் தோட்டங்களின் ஆஸ்தி! ஆனால் ராஸ்பெர்ரி விஷயத்தில் அந்தத் தாட்சண்யம் ஆகாது.

நம் ஊர்ச் சமவெளியில் இந்த ரகங்கள் பலிக்காது. அவற்றுக்குக் குளிரில் நீண்ட உறக்கம் வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இதன் உறவுச் செடிகள் காட்டிலேயே காய்க்கின்றன. ஆனால், உங்கள் பெண்ணோ பிள்ளையோ அந்தச் சீமையில் தோட்டத்துடன் வீடு வாங்கியிருந்தால், இதை எழுதிப் போடுங்கள்: பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கூடை பழம் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளட்டும், கன்று கொடுத்தால் மட்டும் கும்பிடு போட்டு வந்துவிடட்டும்!