ஆறு கதவுப் பெட்டி

அஜ்மீரில் ரயில்வே குமாஸ்தா உத்தியோகத்தில் காலம் தள்ளும் எங்களுக்குப் பெட்டி என்றால் ரயில் பெட்டிதான். அப்படிப்பட்ட நாங்கள் ஒரு மரப்பெட்டியோடு இரண்டு மாதம் மல்லுக்கு நின்ற கதையைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். ‘நாங்கள்’ என்று எழுதுவது பெருமைக்காக அன்று. வேலையில் பாதியும் யோசனையில் முக்கால் பங்கும் இல்லாளுடையவை.

சென்ற தை மாதம், கும்பகோணத்தை அடுத்த எங்கள் கிராமத்தில், மகளின் பாட்டி காலமானார். எட்டு வயதுப் பெண்ணுக்குப் பரீட்சை நேரம். அவளை அண்டை வீட்டாரிடம் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போய் வந்தோம். அது தவறு என்பது பிறகுதான் விளங்கிற்று. தினந்தோறும் இரவில் தொலைபேசியில் பாட்டியோடு பேசுவதே அவளுடைய தமிழாக இருந்தது. அந்தப் பேச்சு நின்றதும் தமிழும் நின்றது. நாங்கள் தமிழில் கேட்போம்; அவள் ஹிந்தியில் விடை சொல்லுவாள். அவள் அழவும் இல்லை, பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

ஆவணியில் அவளுடைய பிறந்த நாள். கடையில் வாங்கும் பொம்மை எதுவும் அவள் முகத்தைத் திருப்பாது என்று தெரிந்தது. அப்போதுதான் பஸ்ஸி நினைவுக்கு வந்தது.

சித்தோர்கட்டுக்கு அருகில் உள்ள ஊர் பஸ்ஸி. அங்குள்ள தச்சர்கள் ‘காவட்’ என்னும் மரப்பெட்டியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். (பெயரைக் கேட்டதும் எங்களுக்குக் காவடி நினைவுதான் வந்தது.) சிவப்பு வர்ணத்தின்மேல் சித்திரங்கள் எழுதிய பலகைகள், கதவுக்குள் கதவாக மடிந்து கிடக்கும். கதை சொல்லுகிறவர் அதைச் சுமந்துகொண்டு தம்மை ஆதரிக்கும் குடும்பங்களின் வீடு வீடாகச் செல்லுவார். மயிலிறகால் ஒவ்வொரு படத்தையும் சுட்டிக் கதையை வளர்ப்பார். கடைசிக் கதவு திறந்தால் உள்ளே ராமரும் சீதையும் லக்ஷ்மணரும் நிற்பார்கள். அடியில் காணிக்கைக்கு ஓர் இழுப்பறையும் உண்டு. நம் பக்கத்தில் நாம் கோயிலுக்குப் போகிறோம். இங்கே கோயில் மடிந்து வீட்டுக்கு வருகிறது! நாங்கள் பார்க்கச் சென்ற முதியவர் ஒருவர், படத்தை எவரும் எழுதலாம், எந்தக் கதவு எதற்குப் பின் திறக்க வேண்டும் என்பதுதான் வேலை என்றார்.

ஆப்பிள் வந்த பலகைப் பெட்டி ஒன்று சந்தையில் கிடைத்தது. முதற் கதவைத் திறந்தால் நூல் இழுபட்டுக் காக்கையின் வாயிலிருந்து வடை விழும். வடை, பழைய குழாய் வாஷர். இரண்டாவதில் பேனா ஸ்பிரிங்கின்மேல் ஓர் அணில். மூன்றாவதில், பல்லாங்குழிச் சோழிகள் சரிவுப் பலகையில் சலசலவென்று இறங்கும்.

நான்காவதுதான் எங்கள் பெருமை. இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றின் பின்பூச்சைப் பட்டாணி அளவு சுரண்டித் துவாரமாக்கினோம். நடுவே தீப்பெட்டியில் செய்த ஒரே ஒரு ரயில் பெட்டி. மேலே வெளிச்சத்துக்கு எண்ணெய்த்தாள் ஜன்னல். துவாரத்தில் கண்ணை வைத்தால் முடிவில்லாத ரயில்! ஒவ்வொரு பிரதிபலிப்பிலும் சிறிது ஒளி குறைவதால் தொலைவிலுள்ள பெட்டிகள் பசுமை படர்ந்து, அந்தி இருளில் நுழைவதுபோல மங்கும். முதலில் கண்ணாடிகளைச் சரிநேராக வைத்தோம். துவாரத்தின் பிம்பமே நடுவில் நின்று மறைத்தது. ஒன்றைச் சற்றே சாய்த்ததும் ரயில் முழுவதும் வளைவில் திரும்பியது. அன்றிரவு பன்னிரண்டு மணிவரை இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தாவது கதவு, வர்ணத்தில் எழுதிய பொய்க் கதவு. அதை அழுத்தினால் பக்கவாட்டில் ஆறாவது திறக்கும்.

ஆறாவதில் என்ன வைப்பது என்பதில் சண்டை வந்தது. பாட்டியின் புகைப்படம் என்றார் வீட்டுக்காரர். “அது பரிசில்லை, தண்டனை” என்றாள் இல்லாள். நான்கு நாள் பேச்சு வார்த்தை இல்லை. முடிவில் இல்லாள் பாட்டியின் சுருக்குப் பையை எடுத்து வந்தாள். துவைக்காமல் வைத்திருந்த பை; வெற்றிலை வாசனை போகவில்லை. அதனுள் ஒரு கல்கண்டு போட்டாள்.

நியூயார்க்கில் ஜோசப் கார்னெல் என்றொருவர் இருந்தார். சித்திரப் பள்ளியில் படிக்காதவர். நோயுற்ற தம்பியை வீட்டில் பேணிக்கொண்டே, பழைய சாமான்களைக் கொண்டு கண்ணாடி முகப்புப் பெட்டிகள் செய்து உலகப் புகழ் பெற்றார். 1972-இல் குழந்தைகளுக்கென்று நடந்த அவருடைய கண்காட்சியில் பெட்டிகளைக் குழந்தைகளின் கண் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தார்கள் என்று படித்திருந்தோம். அலமாரி மேல் கம்பீரமாக வைத்த எங்கள் பெட்டியும் அன்று தரைக்கு இறங்கியது.

பிறந்த நாள் காலையில் மகள் எதிரே உட்கார்ந்தாள். வடை விழாமல் நூலில் சிக்கித் தொங்கியது. அணில் குதித்துப் பெட்டிக்கு வெளியே போய்விட்டது. எங்களுக்கு வியர்த்தது. ரயிலை மட்டும் வெகு நேரம் பார்த்தாள். “யே காடி கஹாம் ஜாத்தி ஹை?” என்று கேட்டாள். இந்த ரயில் எங்கே போகிறதாம்! நாங்கள் விடை சொல்லவில்லை.

ஆறாவது கதவு திறந்தது. பையை எடுத்தாள், முகர்ந்தாள். வாயைச் சுருக்கியிருந்த கயிற்றைப் பாட்டி இழுப்பதுபோலவே இரண்டு விரலால் இழுத்தாள். கல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு பையை உதறிப் பார்த்தாள்.

“பாட்டி ரெண்டு குடுப்பாங்களே? ஒண்ணு எனக்கு, ஒண்ணு எறும்புக்கு.”

எட்டு மாதத்துக்குப் பின் எங்கள் வீட்டில் அவள் பேசிய தமிழ் அது, பேசியது குற்றச்சாட்டு! அப்புறம் பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். இல்லாள் இன்னொரு கல்கண்டு எடுக்கச் சமையலறைக்குப் போனவள் திரும்பி வரச் சற்று நேரமாயிற்று.

இப்போது பெட்டியில் ஏழாவது கதவு ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. செய்கிறவள் மகள். நாங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாதாம்.