வாசற்படியில் நின்ற நெருப்பு

மலையடிவாரத்தில் வாழ்கின்றவர்களுக்கு மலை வெறும் காட்சிப்பொருள் அன்று. காலையில் கதவைத் திறந்ததும் கண்ணில் படுவதும் அது. வழி கேட்பவருக்கு அடையாளம் காட்டுவதும் அது. திருவண்ணாமலையில் பங்குப்பணி ஆற்றும் நாமும் அப்படியே பழகிவிட்டோம். நெருப்பே குளிர்ந்து மலையாய் நின்றது என்று இவ்வூர்த் தலபுராணம் கூறும். இது எரிமலை அன்று, மிகத் தொன்மையான பாறை என்று மண்ணியலார் கூறுவர். கூற்று எதுவாயினும், இந்த மலை நமக்குத் தீங்கு செய்யாது என்பதில் ஊராருக்கும் நமக்கும் ஐயம் இருந்ததில்லை.

2024 டிசம்பர் 1ஆம் நாள் அந்த நம்பிக்கை இடிந்தது. ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையில் வ.உ.சி. நகர்ப் பகுதியில் மலை சரிந்து, மண்ணும் பாறையும் ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர் சிறுமியர். அடுத்து வந்தது திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. நம் பங்கு மக்களுள் எவருக்கும் இழப்பு நேராமல் காத்த இறைவனுக்கு நன்றி செலுத்துவோம் என்று மறையுரையில் கூறினோம். திருப்பலி முடிந்தபின் முதியவர் ஒருவர் ஆலய வாசலில் காத்திருந்து மெல்லக் கேட்டார்: "நம்மளக் காப்பாத்தினவருக்கு அந்தப் பிள்ளைங்களக் காப்பாத்த முடியாமப் போச்சா, சாமி?" குருமடத்தில் இறையியல் பயின்று, கால் நூற்றாண்டாக மறையுரை ஆற்றிவரும் நமக்கு மறுமொழி வரவில்லை. "செபிப்போம்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டோம்.

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் 2025 மே மாதம் ரீயூனியன் தீவுக்கு விடுமுறையில் சென்றோம். குருமட நாள்களில் நம்முடன் பயின்ற நண்பர் ஒருவர் அங்கே பணியாற்றுகிறார். குருத்துவ வெள்ளிவிழாவைச் சாக்காக வைத்துப் பல முறை அழைத்திருந்தார். மும்பை, மொரிசியசு வழியாகப் பயணம். மடகாசுகருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் எரிமலைகள் எழுப்பிய தீவு அது. 1946 முதல் பிரான்சு நாட்டின் கடல்கடந்த மாவட்டமாக இருக்கிறது. தீவின் நடுவே 3,070 மீட்டர் உயரத்தில் அவிந்துபோன எரிமலை ஒன்று. தென்கிழக்கே இன்றும் அடிக்கடி கனன்றெழும் 'பித்தோன் த ல ஃபூர்னேஸ்' என்னும் மற்றொன்று. இம்மலைகளையும் அவற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளையும் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. மஃபாத்து என்னும் பள்ளத்தாக்குக்குச் சாலையே இல்லை. நடந்துதான் போகவேண்டும், இன்றேல் எலிகாப்டரில். அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது என்று நண்பர் சொன்னபோது, அந்த அழகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு இருப்பது புரிந்தது.

1848 டிசம்பர் 20ஆம் நாள் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அடிமைகளுக்கு மறைக்கல்வி கற்பித்து அவர்களோடு ஒன்றாய் வாழ்ந்த லசால் சபை அருட்சகோதரர் ஸ்குபிலியோனை, 1989இல் அத்தீவுக்கே வந்து திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். ஆனால் அடிமைகள் விடுதலையான அதே கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்க் கப்பலேற்றப்பட்டவர்கள் நம்மவர்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும், பின்னர்ச் சென்னையிலிருந்தும் நூறாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் நடத்தப்பட்ட விதம் கண்டு 1882இல் ஆங்கில அரசு ஆளனுப்புவதை நிறுத்தியது.

அவர்களுடைய வழிவந்தோர் சான் ஆந்த்ரே நகரில் மிகுதியாக வாழ்கின்றனர். தமிழ் பேசுவோர் மிக அரியர். ஆயினும், திருமுழுக்குப் பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் தமிழ் என்று இரண்டும் ஒரே பெயர்ப்பலகையில் உடன்பிறந்தவர்போல நிற்பதைக் கண்டோம். அந்நகரின் தலைவராகப் பல ஆண்டுகள் விளங்கியவரின் பெயர் ழான் போல் வீராப்புல்லே. சந்தையில் முருங்கைக்கீரைக் கட்டைக் காட்டி என்ன பெயர் என்று கேட்டோம். "மூரூங்" என்றாள் அந்தப் பெண். தன் பாட்டியின் மொழியைத்தான் பேசினோம் என்று அவளுக்குத் தெரியாது. நமக்கோ தொண்டை அடைத்தது.

அதே ஊரில் தீமிதி நடக்கும் கோவில் ஒன்றுக்கும் நண்பர் அழைத்துச் சென்றார். நம் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் திரௌபதியம்மனுக்கு நடக்கும் அதே தீமிதி. பாஞ்சாலி அங்கே 'பாண்டியாலே' ஆகியிருக்கிறாள். அக்கோவிலில் விரதமிருந்து தீ மிதிப்பவர்களுள் சிலர் ஞாயிறுதோறும் திருப்பலிக்கும் வருவார்கள் என்று நண்பர் கூறினார். நம் உள்ளத்திலிருந்த இறையியல் மாணவன் உடனே குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டான்: இது சரியா, முறையா? அப்போது அபிஷிக்தானந்தர் நினைவுக்கு வந்தார். பிரான்சிலிருந்து வந்த அந்தப் பெனடிக்டு சபைத் துறவி 1949இல் இரமண மகரிசியைக் காண நம் ஊருக்கு வந்தார்; பின்னர் நம் மலைக் குகைகளில் தங்கித் தியானித்தார். அவர் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, கேட்க வந்தார். நாமும் குறிப்பேட்டை மூடினோம். எல்லாம் பறிக்கப்பட்ட மக்கள், கைக்கு எஞ்சியதை இறுகப் பற்றிக்கொண்டதில் வியப்பென்ன?

விடுமுறையின் கடைசி வாரம் பித்தோன் சான்த் ரோஸ் என்னும் ஊருக்குச் சென்றோம். எரிமலையின் குழம்பு வழக்கமாக மக்கள் வாழாத பெரும் பள்ளத்துக்குள்ளேயே ஓடிக் கடலில் விழும். 1977 ஏப்ரலில் பள்ளத்துக்கு வெளியே பிளவு தோன்றி, குழம்பு ஊரை நோக்கி இறங்கியது. மக்கள் வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு இல்லை. வீடுகள் பல எரிந்தன. ஊரின் ஆலயத்தை நெருங்கிய குழம்பு, வாசலை எட்டியதும் இரண்டாகப் பிரிந்து சுற்றிச் சென்றது. அன்றுமுதல் அது 'எரிகுழம்பின் அன்னை' ஆலயம். உறைந்த கரும்பாறை இன்றும் வாசலண்டையில் கிடக்கிறது. நாம் அதைத் தொட்டுப் பார்த்தோம். சில்லென்றிருந்தது.

உள்ளே முதிய பெண்மணி ஒருவர் பீடத்துக்கு மலர் வைத்துக்கொண்டிருந்தார். பழகிய முகம், நம் போளூர்ச் சந்தையில் பார்த்தால் வேற்றாள் என்று நினைக்கமாட்டோம். "அன்னை எவ்வளவு பெரிய அற்புதம் செய்திருக்கிறார்!" என்றோம். நண்பர் அதைக் கிரியோல் மொழியில் சொன்னார். அவர் சிறிது நேரம் நம்மைப் பார்த்தார். பிறகு சொன்னதை நண்பர் தமிழாக்கினார்: "எங்கள் வீடு எரிந்துபோயிற்று, சாமி. மாதா இதைக் காப்பாற்றினார் என்றால், எங்கள் வீட்டை விட்டுவிட்டார் என்றாகுமே. நான் அப்படி நினைப்பதில்லை. வீடு போனவர்கள் வந்து அழ ஓர் இடம் வேண்டும் அல்லவா? அதற்காக இது மிஞ்சியது என்றுதான் நினைக்கிறேன்."

திருவண்ணாமலையில் ஆலய வாசலில் நின்ற முதியவரின் குரல் நமக்கு மீண்டும் கேட்டது. எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மடிந்த செய்தியை லூக்கா எழுதியிருக்கிறார். மாண்டவர்களை இயேசு பெரும் பாவிகளாக்கவில்லை. பிழைத்தவர்களைப் புண்ணியவான்கள் என்று பாராட்டவும் இல்லை. பிழைத்தவர்களைப் பார்த்து மனம் மாறச் சொன்னார். இப்பகுதியை எத்தனையோ முறை வாசித்து விளக்கியிருக்கிறோம். ஆயினும் எரிகுழம்புப் பாறையருகே ஏட்டறிவு இல்லாத ஓர் அம்மையார் சொன்ன பிறகே அது நம் செவியில் ஏறியது. எஞ்சி நிற்பது பரிசு அன்று, பொறுப்பு. நாம் காக்கப்பட்டோம் என்று நன்றி கூறி அமர்ந்துவிட்டால், காக்கப்படாதவர்கள் முன் நம் ஆலயக் கதவை நாமே சாத்துகிறோம்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த முதியவர் வீட்டுக்குச் சென்றோம். "உங்கள் கேள்விக்கு இன்னும் நம்மிடம் மறுமொழி இல்லை, ஐயா. ஆனால் அன்று நாம் சொன்ன நன்றி தவறு" என்றோம். அவர் பதில் பேசவில்லை. மனைவியை அழைத்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

2025 டிசம்பர் 1ஆம் நாள். தீபத் திருவிழாக் கூட்டத்தால் ஊர் நிரம்பியிருந்தது. அன்று மாலை ஆலயக் கதவுகளை அகலத் திறந்து வைத்து, பீடத்தின் அருகே ஏழு மெழுகுதிரிகளை ஏற்றினோம். மறையுரை இல்லை. நம் மக்கள் சிலர் வந்தனர். முன்பின் அறியாத பிற சமயத்தவர் சிலரும் வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் அமர்ந்தனர். ஒரு தாய் நெடுநேரம் அழுதார். எவருடைய தாய் என்று நாம் கேட்கவில்லை. இரவு எட்டு மணியளவில் அந்த முதியவர் எழுந்து நம் அருகில் வந்தார். "வாங்க சாமி, அந்தத் தெரு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார்.

கதவைச் சாத்தாமலே அவருடன் மலையை நோக்கி நடந்தோம்.